கொத்து வேலையும் கணக்கும் ஒரே வகுப்பில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்குக் கட்டுமானத் தொழிற்பயிற்சி அளிப்பது பற்றித் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் சில வாரங்களாகக் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்கிறார்கள். முதலில் எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் சொல்லிக்கொடுங்கள், தொழில் பிறகு வரட்டும் என்கிறது ஓர் அணி. படிப்பு ஏறாதவர்களை மறுபடியும் கரும்பலகை முன் உட்கார வைத்து ஏன் வதைக்கிறீர்கள், கையில் கரணையைக் கொடுங்கள் என்கிறது மற்றோர் அணி. பதினோரு ஆண்டுகள் கொத்தனாராகவும் அதன்பின் இருபத்திரண்டு ஆண்டுகள் பயிற்றுநராகவும் வேலை பார்த்த எனக்கு, இரண்டு அணியினரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள் என்று தோன்றுகிறது. எது முந்தி, எது பிந்தி என்று வரிசை போடுகிறார்கள். கொத்து வேலையில் அந்த வரிசை செல்லாது. சுவர் எழும்பும் அதே மணி நேரத்தில், அதே சுவரை வைத்தே கணக்கையும் வாசிப்பையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கு வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள் ஒன்றாக நிற்க வேண்டும். இந்த இரண்டாவது பகுதியைத்தான் எவரும் பேசக் காணோம்.

ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் என்ற கலவையை எடுத்துக்கொள்வோம். செங்கல் கட்டுக்கு வழக்கமாகப் போடுவதுதான். இந்தக் கலவையில் சிமெண்ட் எத்தனையில் ஒரு பங்கு என்று புதிதாகப் பயிற்சிக்கு வந்தவர்களைக் கேட்டால், பெரும்பாலோர் யோசிக்காமல் ஆறில் ஒரு பங்கு என்பார்கள். சரியான விடை ஏழில் ஒரு பங்கு. இதைக் கரும்பலகையில் எத்தனை விதமாக விளக்கினாலும் மறுநாள் காலையில் அது பழையபடி ஆறில் ஒன்றாகிவிடும். ஆனால் அளவுப்பெட்டியால் ஒரு பெட்டி சிமெண்டையும் ஆறு பெட்டி மணலையும் தனித்தனியாகத் தரையில் தட்டிவிட்டு, எத்தனை குவியல் இருக்கிறது, அதில் சிமெண்ட் எத்தனை குவியல் என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி முடிவதற்குள் விடை வந்துவிடும். 50 கிலோ மூட்டையில் உள்ள சிமெண்ட் ஏறத்தாழ 35 லிட்டர் இடத்தை அடைக்கும் என்று மட்டும் சொன்னால் போதும்; ஒரு மூட்டைக்கு மணல் 210 லிட்டர் என்பதை அவர்களே பெருக்கிச் சொல்லிவிடுவார்கள்.

ஒரு கொத்துப் பயிற்றுநரே இதையெல்லாம் சொல்லிக்கொடுத்துவிடலாமே, கணக்காசிரியர் எதற்கு என்று கேட்கலாம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் பயிற்சிக்கூடத்தில் நடந்த ஒரு சின்ன விஷயம் அந்த எண்ணத்தை மாற்றியது. 19 சென்டிமீட்டர் நீளமும், 9 சென்டிமீட்டர் அகலமும், 9 சென்டிமீட்டர் உயரமும் உள்ள செங்கல்லைக் கொண்டு ஒரு கன மீட்டர் சுவர் கட்ட எத்தனை கல் வேண்டும் என்பது கேள்வி. ஒரு மாணவர் மூன்று அளவுகளையும் பெருக்கி, கன மீட்டரை அதனால் வகுத்து, 650 என்று எழுதினார். வகுத்தலில் ஒரு பிழையும் இல்லாததால் கணக்காசிரியர் அதைச் சரி என்று குறித்துவிட்டார். நானோ 500 என்று எழுதியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஏன் 500 என்று கேட்டபோது பதில் சொல்லத் திணறினேன். என் மேஸ்திரி எனக்குச் சொன்ன எண் அது. நான் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே ஒரு சென்டிமீட்டர் சாந்து நிற்கிறது, ஆகவே சுவருக்குள் ஒவ்வொரு கல்லும் 20, 10, 10 என்ற அளவுக்கு இடம் பிடிக்கிறது, அந்த அளவால் வகுத்தால் 500 வரும் என்பதை அன்று நாங்கள் இருவரும் சேர்ந்துதான் கண்டுபிடித்தோம். கணக்காசிரியர் தனியாக இருந்தால் 150 கல் அதிகமாக வாங்கச் சொல்லியிருப்பார். நான் தனியாக இருந்தால் இன்னொரு தலைமுறைக்கு ஒரு மனப்பாட எண்ணைக் கைமாற்றியிருப்பேன். மாணவர்கள் எங்கள் இருவரின் தடுமாற்றத்தையும் பார்த்துக்கொண்டிருந்ததும் நல்லதுக்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

மூலை பிடிக்கும் பாடமும் இப்படிப்பட்டதுதான். ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து குறித்து, குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரி என்பது எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். பள்ளியில் பித்தாகரஸ் தேற்றம் என்ற பேரில் அதையே படித்துத் தேறாமல் போனவர்கள், நூல் கயிறும் முளைக்குச்சியும் கையில் வந்தவுடன் அதைப் பிடித்துக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். (செங்கல் வேள்வி மேடைகளை அமைப்பதற்கான விதிகளைச் சொல்லும் பௌதாயன சுல்ப சூத்திரத்திலும் செவ்வகத்தின் மூலைவிட்டம் பற்றிய இந்த விதி வருகிறது என்பதைச் சொன்னால் மாணவர்களுக்கு ஒரு தெம்பு வரும்.) ஆனால் அதோடு பாடத்தை முடித்துவிட்டால் அது வெறும் தொழில் பழக்கமாகவே நின்றுவிடும். அடுத்த கேள்வி, குறுக்களவில் கால் அங்குலம் பிசகினால் என்ன ஆகும் என்பது. 3, 4, 5 அடியில் பிடித்த மூலையில் அந்தக் கால் அங்குலம், 30 அடிச் சுவரின் கோடியில் 3 அங்குலத்துக்குச் சற்று மேலாக விலகி நிற்கும். 6, 8, 10 அடியில் பிடித்தால் அதே பிசகுக்கு விலகல் பாதியாகக் குறைந்துவிடும். பெரிய முக்கோணமாகப் பிடி என்று மேஸ்திரி அதட்டுவது எதனால் என்று இப்போது விளங்கும். இந்த இரண்டாவது படிக்குக் கொண்டுபோக, கணக்கு தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் மணல் உப்பும் பாடம். மணலில் சிறிது ஈரம் ஏறினால், ஒவ்வொரு மணியையும் சுற்றித் தண்ணீர் மெல்லிய படலமாகப் படிந்து மணிகளை விலக்கிவிடுவதால், அதே மணல் அதிக இடத்தை அடைக்கும். தண்ணீர் நிறையச் சேர்ந்து முழுக்க மூழ்கிவிட்டால் பழைய அளவுக்கே அமுங்கிவிடும். ஒரு நேரான கண்ணாடிச் சாடியில் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஈர மணலைப் போட்டு, அது மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றிக் கிளறிவிட்டோம். மணல் 12 சென்டிமீட்டருக்கு இறங்கியது. எத்தனை விழுக்காடு உப்பியிருந்தது என்று கேட்டதும் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. மூன்றைப் பதினைந்தால் வகுத்தவர்கள் 20 என்றார்கள்; பன்னிரண்டால் வகுத்தவர்கள் 25 என்றார்கள். இரண்டு தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை. கணக்காசிரியர் எந்தப் பக்கமும் சாயாமல், “பன்னிரண்டோடு அதன் இருபது விழுக்காட்டைக் கூட்டிப் பாருங்களேன்” என்று மட்டும் சொன்னார். பின் வரிசையில் இருந்த ஒரு பெண், பள்ளியில் விழுக்காடு என்ற சொல்லைக் கேட்டாலே தலை குனிந்துகொள்வேன் என்று எங்களிடம் முன்பு சொல்லியிருந்தவர், எழுந்து, “பதினாலு புள்ளி நாலுதான் சார் வருது, பதினஞ்சு வரலையே” என்றார். அப்புறம் அவரே, “காஞ்சா இருக்கிற அளவைத்தான் சார் நூறுன்னு வைக்கணும், அதுதானே நெசமான மணல்” என்றார். எதை நூறாக வைப்பது என்பதுதான் விழுக்காட்டுக் கணக்கின் உயிர். அதை அந்தப் பெண் ஒரு சாடி மணலிலிருந்து எடுத்தார்.

அந்தப் பாடம் சாடியோடு முடியவில்லை. மணல் 25 விழுக்காடு உப்பியிருக்கும் நாளில் ஆறு பெட்டி அளந்து கொட்டினால் உண்மையில் விழுவது 4.8 பெட்டி மணல்தான். ஆறு பெட்டி மணல் வேண்டுமென்றால் 7.5 பெட்டி அளக்க வேண்டும். எங்கள் மாணவர்கள் அன்று பிற்பகல் ஏழரைப் பெட்டி அளந்து கலவை போட்டார்கள். காலையில் போட்ட கணக்கை மாலையில் கையால் வாரிக் கொட்டியவருக்கு அது எளிதில் மறக்காது.

வாசிப்பைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. சிமெண்ட் மூட்டையின் மேல் உற்பத்தி செய்த வாரமும் தரமும் அச்சிடப்பட்டிருக்கும். பழைய மூட்டையைத் தள்ளி வைக்கத் தெரிய வேண்டுமானால் அதைப் படிக்க வேண்டும். ஈரமான சிமெண்ட் கடுமையான காரத்தன்மை உடையது, தோலில் நெடுநேரம் பட்டால் புண்ணாக்கிவிடும் என்ற எச்சரிக்கையையும் படிக்கத் தெரிய வேண்டும். வரைபடத்தில் ஒன்றுக்கு ஐம்பது என்று எழுதியிருந்தால் தாளில் உள்ள ஒரு சென்டிமீட்டர் தரையில் அரை மீட்டர் என்று விளங்க வேண்டும். இவற்றுக்குத் தனியாக ஒரு வாசகப் புத்தகம் எதற்கு? வேலைத்தளத்தில் கிடக்கும் தாள்களே போதும். எழுதுவதற்கும், அன்றன்று கட்டிய அளவு, போட்ட கலவை, நேர்ந்த தவறு ஆகியவற்றை நான்கு வரியில் எழுதும் குறிப்பேட்டை விடச் சிறந்த பயிற்சியை நான் கண்டதில்லை. ஆரம்பத்தில், “இன்று சுவர் கட்டினோம்” என்ற ஒற்றை வரிதான் வரும். மூன்றாம் மாதத்தில், சுவரின் நான்காவது வரிசையில் இரண்டு கல்லின் இணைப்பு கீழ் வரிசையின் இணைப்புக்கு நேராக வந்துவிட்டதால் பிரித்துக் கட்ட நேர்ந்தது என்று காரணத்தோடு எழுதுவார்கள்.

கணக்கு தெரியாமல் இருப்பதன் விலை என்ன என்பதை நான் என் பத்தொன்பதாவது வயதில் தெரிந்துகொண்டேன். பூச்சு வேலையை அளவுக் கூலிக்கு எடுத்திருந்தேன். வேலை கொடுத்தவர் அளவெடுக்கும்போது, கதவு, சன்னல் இடங்களை ஒவ்வொரு சுவரின் அளவிலும் கழித்துவிட்டு, கடைசியில் மொத்தத்திலும் ஒருமுறை கழித்தார். எங்கேயோ இடிக்கிறது என்று மனத்துக்குப் பட்டது; எங்கே என்று காட்டத் தெரியவில்லை. காட்டத் தெரியாதபோது கோபப்படத்தான் முடியும், கோபப்பட்டேன், வேலையும் போயிற்று. நல்ல கை இருந்தது, நேரான கண் இருந்தது, தூக்குக் குண்டு அசையாமல் நிற்கும் சுவர் கட்டத் தெரியும். நீளத்தையும் உயரத்தையும் பெருக்கி, கழிக்க வேண்டியதை ஒருமுறை மட்டும் கழிக்கும் கணக்கு தெரியாததால் அத்தனையும் அன்று உதவாமல் போனது. கையில் கரணையைக் கொடுத்தால் போதும் என்று எழுதுபவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டு ஆசிரியர் முறை என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துச் சமுதாயக் கல்லூரிகள் 2004ஆம் ஆண்டுவாக்கில் ஐ-பெஸ்ட் என்ற பெயரில் இத்தகைய ஒரு முறையைத் தொடங்கின. அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் ஆசிரியரும் தொழில் கற்பிக்கும் ஆசிரியரும் பாட நேரத்தில் குறைந்தது பாதியாவது ஒரே வகுப்பில் சேர்ந்து நிற்க வேண்டும் என்பது அதன் விதி. இந்த முறையில் படித்தவர்கள், அடிப்படைப் பாடத்தைத் தனியாகப் படித்தவர்களை விட அதிகமாகத் தொழிற்சான்றிதழை எட்டினார்கள் என்று பின்னர் நடந்த ஆய்வில் தெரிந்தது. அவர்களுடைய கூலி உயர்ந்ததா என்பதில் அவ்வளவு தெளிவான முடிவு கிடைக்கவில்லை. அப்போது நிலவிய பொருளாதார மந்தமும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். ஜெர்மனியில் செங்கல் கொத்தனாராக விரும்புபவர் மூன்று ஆண்டுகள் வேலைத்தளத்திலும் தொழிற்பள்ளியிலும் மாறி மாறிப் பயில்கிறார். தொழிற்பள்ளியில் தொழில்நுட்பப் பாடங்களோடு மொழிப் பாடமும் சமூகப் பாடமும் உண்டு. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அங்கேகூடப் பள்ளியும் வேலைத்தளமும் இரண்டு இடங்கள். அடிப்படையே ஆட்டம் காணும் மாணவருக்கு அந்த இடைவெளியைக் கடப்பது கடினம் என்பது என் கருத்து.

இரண்டு ஆசிரியர் என்றால் இரட்டைச் செலவு என்ற மறுப்பு உடனே வரும். உண்மைதான், செலவு கூடும். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. செலவைக் குறைக்க நினைத்து, கணக்காசிரியரின் புத்தகத்தில் மாம்பழத்துக்குப் பதிலாகச் செங்கல் படம் போட்டுவிட்டு, இதுதான் ஒருங்கிணைந்த பாடம் என்று பேர் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘ராமுவிடம் பன்னிரண்டு செங்கல் இருந்தது, ஐந்தைக் கொடுத்துவிட்டான், மீதி எத்தனை’ என்ற கணக்கில் செங்கலுக்கு ஒரு வேலையும் இல்லை. அதைச் செய்வதற்குப் பதில், வாரத்தில் இரண்டு நாளாவது இருவரும் உண்மையாகச் சேர்ந்து நிற்கட்டும். மற்ற நாள்களில் பிரிந்து நடத்தட்டும். எல்லாவற்றையும் சுவரால் சொல்லிக்கொடுத்துவிட முடியும் என்றும் நான் சொல்லவில்லை. பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும் பாடத்துக்கு இத்தனை ஆண்டுகளில் எனக்கு ஒரு நல்ல சுவர் கிடைக்கவில்லை. அதை உட்கார்ந்துதான் படிக்க வேண்டியிருக்கிறது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. தொழிலையும் படிப்பையும் சேர்ப்பதாகச் சொல்லித் தொடங்கி, கடைசியில் உழைப்பவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தொழில் மட்டும், மற்றவர் பிள்ளைகளுக்குப் படிப்பு மட்டும் என்று பிரித்துவிடுவார்கள் என்ற அச்சம் அது. தமிழ் வாசகர்களுக்கு இந்த அச்சத்தை நான் விளக்க வேண்டியதில்லை. அது நியாயமான அச்சம். 1881இல் அமெரிக்காவின் அலபாமாவில் கறுப்பின மக்களுக்காகத் தொடங்கப்பட்ட டஸ்கீகி பள்ளியில் அதன் முதல் தலைவரான புக்கர் டி. வாஷிங்டன் மாணவர்களைக் கொண்டே செங்கல் அறுக்க வைத்தார். சேற்றுக் குழியில் முழங்கால் அளவு நின்று மண் குழைக்கப் பிடிக்காமல் சிலர் பள்ளியை விட்டே போய்விட்டார்கள். சூளை மூன்று முறை வீணானது. கையில் பணம் தீர்ந்துபோய், அவர் தம் கடிகாரத்தை அடகு வைத்து நான்காவது சூளையைப் போட்ட பிறகுதான் கல் வெந்து வந்தது. அந்தக் கற்களால் மாணவர்களே கட்டடங்களை எழுப்பினார்கள். இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்பவர்கள், கறுப்பினச் சிந்தனையாளரான டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் 1903இல் வாஷிங்டனின் வழியைக் கடுமையாக எதிர்த்து எழுதியதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். தொழிற்கல்வியை மட்டும் முன்னிறுத்தினால் உயர்கல்வியும் குடிமை உரிமைகளும் கைநழுவிப் போகும் என்பது டு பாய்ஸின் வாதம். நான் கொத்தனார், செங்கல் அறுத்தவர்கள் பக்கம்தான் என் மனம் இயல்பாகச் சாயும். ஆனாலும் டு பாய்ஸ் கேட்ட கேள்வியைக் கேட்காமல் எந்தப் பயிற்சித் திட்டத்தையும் ஏற்கக் கூடாது என்றே சொல்வேன்: இந்த வகுப்பிலிருந்து வெளியே போகும் ஒருவருக்கு, கரணையைக் கீழே வைத்துவிட்டு மேலே படிக்கப் போக வழி திறந்திருக்கிறதா? கணக்கும் வாசிப்பும் உண்மையாகக் கற்பிக்கப்பட்டிருந்தால் திறந்திருக்கும். கொத்து வேலைக்குத் தேவையான அளவுக்கு மட்டும் என்று நறுக்கிக் கொடுத்திருந்தால் திறந்திருக்காது. ஆகவே சுவரிலிருந்து தொடங்கும் பாடம் சுவரோடு நிற்கக் கூடாது. மணல் சாடியில் விழுக்காட்டைக் கற்றவருக்கு அடுத்த வாரம் வட்டிக் கணக்கையும், அதற்கடுத்த வாரம் செய்தித்தாளில் வரும் ஏதாவது ஒரு விழுக்காட்டையும் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாகத் தேர்வு. பாடத்தை எவ்வளவு சேர்த்து நடத்தினாலும், தேர்வை இரண்டாக வைத்தால் மாணவரும் ஆசிரியரும் ஆறே மாதத்தில் பழைய பிரிவினைக்குத் திரும்பிவிடுவார்கள். நாங்கள் ஒரு பருவத்தில் மட்டும் வேறு மாதிரி வைத்துப் பார்த்தோம். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு சிறு சுவர். நடுவே ஒரு சன்னலுக்கு இடம். வேலையைத் தொடங்குவதற்கு முன் ஒரு தாளில் கல்லின் எண்ணிக்கையையும், சிமெண்ட், மணல் அளவையும் காரணத்தோடு எழுதித் தர வேண்டும். எழுதிய அளவுக்குத்தான் பொருள் வழங்கப்படும். சுவர் எழும்பிய பின், மீந்தது எவ்வளவு, குறைந்தது எவ்வளவு, ஏன் என்று அதே தாளின் பின்பக்கம் எழுத வேண்டும். ரசமட்டத்தையும் தூக்குக் குண்டையும் வைத்து நான் மதிப்பெண் போட்டேன். தாளைப் படித்துக் கணக்காசிரியர் போட்டார். இரண்டையும் கூட்டாமல், இரண்டில் எது குறைவோ அதையே மாணவரின் மதிப்பெண்ணாக வைத்தோம். முதல் நாள் ஒருவருக்கு ஒன்பது கல் பற்றாமல் போயிற்று. சன்னலின் அளவைக் கழித்தவர், உடைந்த கல்லுக்கும் வெட்டிய கல்லுக்கும் ஒதுக்கீடு விட மறந்திருந்தார். பின்பக்கத்தில் அதை அவரே எழுதியிருந்தார், கூடவே அடுத்த முறை நூற்றுக்கு எத்தனை கல் கூடுதலாகக் கேட்பேன் என்பதையும். நிர்வாகம் அடுத்த பருவத்திலேயே இந்த முறையைக் கைவிட்டது. மதிப்பெண் பட்டியலில் இரண்டு பத்திக்கு ஒரு பத்திதான் வருகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். பயிற்சி நிலையங்களுக்குப் பாடத்திட்டம் வகுப்பவர்கள் எவரேனும் இந்தக் கடிதத்தைப் படிக்க நேர்ந்தால், அந்த ஒற்றைப் பத்தியை அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டுமானத் தொழிற்பயிற்றுநர் ஒருவர்